பத்து பி.ஏ.

1937 ஜனவரியில் காந்தி திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூருக்கு வந்தார். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாகி அப்போது இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஒப்பமிட்ட அந்தப் பிரகடனத்தைக் கொண்டாடுவதற்காகவே காந்தி சமஸ்தானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். வெங்ஙானூரில் அவரை வரவேற்றவர் எழுபதைத் தாண்டிய அய்யன்காளி. எழுத்தறியாத புலையர் சமூகத் தலைவர். தம் ஆசையாக அவர் காந்தியிடம் சொன்னது கோயிலைப் பற்றியது அல்ல. சாவதற்குள் தம் இனத்தில் பத்து பேராவது பி.ஏ. பட்டம் வாங்கியதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். கேரளத்தில் இது ஒரு நெகிழ்ச்சியான நிகழ்ச்சியாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எனக்கு இது ஒரு கல்விக் கொள்கையாகவே படுகிறது. எண்ணும் எழுத்தும் தெரிந்தால் போதும் என்று அவர் கேட்கவில்லை; அன்றைய திருவனந்தபுரத்தில் கல்வியின் உச்சி எதுவோ அதைக் கேட்டார். தொடக்கப் பள்ளியின் வாசலும் கல்லூரியின் வாசலும் ஒரே சண்டையின் இரு முனைகள் என்பதை முப்பது ஆண்டுப் போராட்டம் அவருக்குக் கற்பித்திருந்தது. அதை அவருக்குப் பின் வந்த ஆட்சிகள் மறந்துவிட்டன.

திருவிதாங்கூர் கல்விக்குப் பேர்போன சமஸ்தானம். 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய் மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார். கேரளக் கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் தொடங்குகிற இடம் அது. 1834-இல் சுவாதித் திருநாள் காலத்தில் தலைநகரில் ராஜாவின் இலவசப் பள்ளி தொடங்கியது. 1866-இல் அது கல்லூரியாகி, பிறகு யூனிவர்சிட்டி கல்லூரி என்று பெயர் பெற்று இன்றும் பாளையத்தில் நிற்கிறது. ‘மக்கள்’ என்று உத்தரவில் எழுதியிருந்ததில் யார் யார் அடக்கம் என்பதுதான் பிரச்சினை. அடிமை முறையே இங்கு 1855-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பின்னும் புலையரும் பறையரும் பொது வழியில் நடக்க முடியாத ஊரில், அந்த வழி கொண்டுபோய் விடுகிற பள்ளியில் சேர்வது எப்படி?

1863-இல் திருவனந்தபுரத்தைச் சுற்றி இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று பேட்டையில் ஓர் ஈழவக் குடும்பத்தில் பிறந்த பல்பு. மற்றது வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி. பல்பு படித்தார், நன்றாகவே படித்தார். மருத்துவப் படிப்புக்கான தேர்வில் வென்றும் திருவிதாங்கூர் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டத்தோடு திரும்பிய பின்னும் வேலை தரவில்லை. மைசூர் சமஸ்தானம் அவரை எடுத்துக்கொண்டது. பெங்களூரைப் பிளேக் சூறையாடியபோது அங்கே நின்று வேலை பார்த்தவர்களில் அவரும் ஒருவர். 1891-இல் மலையாளி மெமோரியல் என்ற மனு ஈழவர்களுக்கு அரசு வேலை மறுக்கப்படுவதையும் எழுப்பியது. அரசின் பதிலின் சாரம் இதுதான்: அவர்களில் பெரும்பாலோர் படிப்பில்லாதவர்கள், விவசாயம், கயிறு திரித்தல், கள் இறக்குதல் என்று தம் குலத்தொழிலிலேயே நிறைவாக இருக்கிறார்கள். படித்து வந்தவனை வெளியூருக்கு விரட்டிவிட்டு, படித்தவர்களே இல்லையே என்று கைவிரிப்பது ஒரு தனிக் கலை. 1896-இல் பல்பு 13,176 பேரின் கையெழுத்தோடு ஈழவ மெமோரியலை மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் கொண்டுபோனார். உடனே பலன் ஏதும் இல்லை.

பல்புவுக்கு ஒரு மதராஸ் இருந்தது. தெற்கே நாகர்கோவில், நெய்யூர் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு லண்டன் மிஷன் இருந்தது. மயிலாடியின் வேதமாணிக்கம் அழைத்துவந்த மிஷனரி ரிங்கல்டௌபே 1806 முதல் அங்கே பணியாற்றினார். அவர் ஊன்றிய வித்துதான் பின்னால் நாகர்கோவில் செமினரியாகவும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்காக 1894-இல் அடையாற்றில் தியோசபிக்கல் சங்கத்தின் ஆல்காட் பள்ளி திறந்தார். ஒடுக்கப்பட்டவர்களில் மேலே வந்தவர்கள் யாரை எடுத்துப் பார்த்தாலும் தம் ஊரின் அரசுப் பள்ளியைச் சுற்றிக்கொண்டு வேறொரு வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். வெங்ஙானூர் வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சுற்றுவழியும் பெரும்பாலும் இல்லை.

அய்யன்காளி 1893-இல் வில்லுவண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் போனதைக் கேரளத்தில் குழந்தைகள்கூடச் சொல்லும். அதைவிட நீண்டதும் கடினமானதும் பள்ளிக்கூடச் சண்டை. 1904-இல் வெங்ஙானூரில் தாமே ஒரு குடிப்பள்ளிக்கூடம் எழுப்பினார், எதிரிகள் தீ வைத்தார்கள், மறுபடி கட்டினார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கியது. பி. ராஜகோபாலாச்சாரி திவானாகவும் மிச்செல் கல்வித் துறையின் தலைவராகவும் இருந்த காலம் அது. அரசுப் பள்ளிகளில் புலையர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று ஆணைகள் பிறந்தன. 1910-இல் அது திட்டவட்டமாக உறுதியானது. திருவனந்தபுரத்துச் செயலகத்தில் போட்ட கையெழுத்து பாலராமபுரம் தாண்டுவதற்குள் வலுவிழந்தது. தலைமையாசிரியர் ஆணையைப் பார்க்கவில்லை என்பார். பார்த்தவர் இடமில்லை என்பார். இரண்டும் சொல்லாத இடத்தில் ஊர்க்காரர்கள் தடியோடு நிற்பார்கள்.

அதற்கு அய்யன்காளி கண்ட பதில் உலகக் கல்வி வரலாற்றிலேயே அபூர்வமானது. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குள் போகாவிட்டால் உங்கள் வயலில் களைதான் முளைக்கும் என்று அறிவித்துவிட்டு, கூலிகளை வயலிலிருந்து வெளியேற்றினார். கூலி உயர்வு, அடி உதைக்கு முடிவு ஆகியவற்றோடு பள்ளிச் சேர்க்கையும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. நில உடைமையாளர்கள் தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்துத் தோற்றார்கள். பட்டினியை எதிர்கொள்ள விழிஞ்ஞத்து மீனவர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளப்பட்டது: படகுக்கு ஓர் ஆள் என்று வேலைநிறுத்தக்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். கடைசியில் மாஜிஸ்திரேட் கண்டல நாகம் பிள்ளை நடுவே நின்று சமரசம் செய்தார். படிக்காத ஏழைக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று இன்றும் ஆசிரியர் அறைகளில் பேசுகிறவர்கள், மகனுக்கும் மகளுக்கும் பள்ளியில் இடம் கேட்டு வயிற்றைப் பணயம் வைத்த இந்தக் கூலிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

பிறகு ஊரூட்டம்பலம். பூஜாரி அய்யனின் மகள் பஞ்சமியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அய்யன்காளி அங்கிருந்த பள்ளிக்குப் போனார். கையில் அரசாணை இருந்தது. சேர்க்க மறுத்தார்கள், அவர் சிறுமியை உள்ளே கொண்டுபோய்ப் பெஞ்சில் உட்கார வைத்தார். கைகலப்பு மூண்டு சுற்றுவட்டாரம் முழுவதும் பரவியது. பள்ளி எரிக்கப்பட்டது. அந்தச் சிறுமி தொட்ட பெஞ்சையும் கட்டடத்தையும் சாம்பலாக்குவது, தம் சொந்தப் பிள்ளைகளின் படிப்பு நிற்பதைவிட அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1960-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி காவலர் துணையோடு பள்ளிக்குள் நுழைந்தபோது வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரே ஓர் ஆசிரியை அவளுக்கு மட்டும் அந்த ஆண்டு முழுவதும் பாடம் நடத்தினார். ஊரூட்டம்பலத்தில் கருகிய பெஞ்சு ஒன்றை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022-இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது.

எதிர்த்தவர்கள் எல்லோரும் தடி தூக்கியவர்கள் அல்லர் என்பதுதான் சிக்கல். கே. ராமகிருஷ்ண பிள்ளை ‘சுவதேசாபிமானி’யின் ஆசிரியர், திவானின் ஊழலைத் துணிந்து எழுதியதற்காக 1910 செப்டம்பரில் நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிப் பக்கம் அனுப்பப்பட்டவர், மலையாளத்தில் கார்ல் மார்க்ஸின் வரலாற்றை எழுதியவர். அதே 1910-இல், தலைமுறை தலைமுறையாக அறிவைப் பண்படுத்திய சாதிகளின் பிள்ளைகளையும் நிலத்தைப் பண்படுத்திய சாதிகளின் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்குச் சமம் என்று அவர் எழுதினார். இதை அவர் காலத்தின் குறை என்று கடந்துபோவது சுலபம். ஆனால் அவர் வாதத்தில் சாதி வெறியை உரித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது இன்றும் புழக்கத்தில் இருக்கும் ஒரு நாகரிகமான ஆட்சேபம்: தயார் இல்லாத மாணவர்களைக் கடினமான பள்ளியில் போட்டால் பள்ளியின் தரமும் கெடும், அவர்களும் தடுமாறுவார்கள், முதலில் அவர்களுக்கேற்ற தனிப் பள்ளி, பிறகு பார்க்கலாம். இதில் ஓர் அணு அளவு உண்மையும் உண்டு. எழுத்தே பார்த்திராத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்தான். வாதம் உடைகிற இடம் வேறு. ஆயத்தம் என்பது பள்ளி தருகிற பொருள். அதைக் கொண்டுவந்தால்தான் பள்ளிக்குள் விடுவேன் என்று ஒரு பள்ளி சொன்னால், தன் வேலையை வேறு யாரோ செய்து தர வேண்டும் என்று கேட்கிறது. அந்த ‘பிறகு’ ஒருபோதும் வராது. தனிப் பள்ளிக்கும் எதிர்த்தவர்கள் இடம் விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 1914-இல் வெங்ஙானூர்ப் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் கிடைத்து, கைதமுக்கிலிருந்து பரமேசுவரன் பிள்ளை என்ற ஆசிரியர் பாடம் நடத்த முன்வந்தபோது, அவரைக் காவலோடுதான் கூட்டிவர வேண்டியிருந்தது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடப் பிரபலமானது. திறமை இருந்தால் எந்தத் தடையையும் மீறி மேலே வந்துவிடுவான். அம்பேத்கர் வரவில்லையா, கே.ஆர். நாராயணன் வரவில்லையா? பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் என்பது சரி. கோட்டயத்துப் பக்கம் உழவூரில் பிறந்த நாராயணன் 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியத் தேர்வில் முதலிடம் பெற்றார் என்பதும் சரி. அவர் எப்படிப் படித்தார் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பள்ளிக்குத் தினமும் பல மைல் நடை. கட்டணம் பாக்கி என்று வகுப்புக்கு வெளியே நின்ற நாட்கள். புத்தகம் வாங்கக் காசில்லாததால், ஆஸ்துமாவோடு வீட்டில் முடங்கிக் கிடந்த அண்ணன் இரவல் வாங்கிய புத்தகங்களைக் கையால் பிரதி எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார். இவ்வளவும் கடந்து முதலிடம் பெற்றவருக்கு, தலித் என்பதால் விரிவுரையாளர் பணி மறுக்கப்பட்டது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். அவரை லண்டனுக்கு ஹெரால்ட் லாஸ்கியிடம் அனுப்பியது டாடா உதவித்தொகை; சமஸ்தானத்தின் கல்வித் துறை அல்ல. கொச்சி சமஸ்தானத்தில் தாட்சாயிணி வேலாயுதன் 1930-களில் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தபோது, மேல்சாதி ஆசிரியர் ஒருவர் அவருக்குச் சோதனைகளைச் செய்துகாட்டவே மறுத்தார். எட்டி நின்று மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுத்தான் பட்டம் வாங்கினார். இந்தியாவின் முதல் தலித் பெண் அறிவியல் பட்டதாரி, பின்னால் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். இந்தக் கதைகள் திறமை வெல்லும் என்பதற்குச் சாட்சியம் என்றால், ஆஸ்துமாவோடு வீட்டில் அண்ணன் இல்லாத உழவூர்ப் பையன்களைப் பற்றியும், எட்டி நின்று பார்க்கக்கூட இடம் கிடைக்காத பெண்களைப் பற்றியும் அதே சாட்சியத்தைக் கேட்க வேண்டும். கரை சேர்ந்தவர்களை எண்ணி ஆற்றின் ஆழத்தை அளக்க முடியாது.

அய்யன்காளி 1941 ஜூன் 18 அன்று காலமானார். 1980-இல் வெள்ளயம்பலத்தில் அவர் சிலையை இந்திரா காந்தி திறந்துவைத்தார், 2019-இல் திருவனந்தபுரத்து வி.ஜே.டி. ஹாலுக்கு அவர் பெயர் வந்தது. சிலையைவிட அவர் மனசுக்கு நெருக்கமானது வெள்ளாயணியில் பட்டியல் சாதித் துறை நடத்தும் அய்யன்காளி நினைவு மாதிரி உண்டு உறைவிட விளையாட்டுப் பள்ளியாகத்தான் இருக்கும். மாநிலம் முழுக்க இத்தகைய மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகள் பல இருக்கின்றன. இவையும் ஒருவகைத் தனிப் பள்ளிகள்தானே, பழைய பிரிவினையைப் புதுக் கட்டடத்தில் தொடர்கிறோமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. சோறும் படுக்கையும் மேசை விளக்கும் வீட்டில் இல்லாத பிள்ளைக்கு அவற்றைத் தருவது பிரிவினை ஆகாது. அங்கிருந்து வெளியே வருகிறவர்கள் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் போகிறார்களா, இல்லை கடைநிலைப் பணிகளோடு நின்றுவிடுகிறார்களா என்பதில்தான் அதன் தன்மை தீர்மானமாகும். அகத்திய மலையடிவாரத்தில் விதுரையில் நாட்டின் முதல்தர அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஒன்றான ஐசர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மலைகளில் காணிக்காரப் பழங்குடிகளின் ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களிலிருந்து அந்த வளாகத்துக்குச் சமையலுக்கும் துப்புரவுக்கும் போகிற வழி சிறியது. மாணவராகப் போகிற வழி இன்னும் பல வகுப்புகளைச் சுற்றிக்கொண்டு போகிறது.

வகுப்பறையின் மறுபக்கம், கரும்பலகைக்கு அருகே நிற்பவர் யார் என்பது இன்னொரு கணக்கு. கேரளத்துப் பள்ளிகளில் பாதிக்கு மேல் அரசு உதவி பெறுபவை. சம்பளம் அரசு கஜானாவிலிருந்து வருகிறது. ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம். 1957-இல் முதல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவின் 11-ஆவது பிரிவு, அந்த ஆசிரியர்களையும் பொதுப் பணித் தேர்வாணையம் தேர்ந்தெடுத்த பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் இட ஒதுக்கீட்டுக்கும் வழி இருந்தது. உச்ச நீதிமன்றம் 1958-இல் அந்தப் பிரிவை ஏற்றது. 1959-இல் அந்த அரசுக்கு எதிரான விமோசனச் சமரம் தெருவுக்கு வந்தது, அமைச்சரவை கலைக்கப்பட்டது, அடுத்து வந்த அரசு 1960-இல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, வலதும் இடதும் மாறி மாறி ஆண்டும், அது திரும்பி வரவில்லை. 1943-இல் நாராயணனுக்கு மூடிய வாசலும் இத்தகைய ஆசிரிய நாற்காலிக்கானதுதான்: விரிவுரையாளர் நாற்காலி.