இலை போட்ட கணக்கு



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒளிச்சேர்க்கையைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். "ஐயா, நாம் வெளியிடும் கரிவளி முழுவதையும் மரங்கள் எடுத்துக்கொள்ளுமா?" என்று ஒரு மாணவி வினவினாள். "நிறைய எடுத்துக்கொள்ளும் அம்மா" என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். 'நிறைய' என்பது விடையாகாது என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்தச் சொல்லை எண்ணாக மாற்ற அறிவியலாளர்கள் பட்ட பாடு ஒரு தனி வரலாறு.

கரிவளி இலைக்குள் சர்க்கரையாக மாறும் பாதையை மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷாம் ஆகியோர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கண்டறிந்தனர். 1961இல் நோபல் பரிசு கால்வின் ஒருவருக்கே வழங்கப்பட்டது. பாதை தெரிந்துவிட்டது, வேகத்தைக் கணிக்கும் வழி பின்னரே வந்தது.

1980இல் ஆஸ்திரேலியாவின் கன்பராவைச் சேர்ந்த கிரேம் ஃபார்குவர், சூசன் வான் கேமரர் ஆகியோரும் அமெரிக்கரான ஜோசப் பெரியும் அதற்கொரு மாதிரியை வகுத்தனர். தோசைக் கடையை எண்ணிப் பாருங்கள். கல் எத்தனை, மாவு எவ்வளவு என்னும் இரண்டில் எது குறைவோ, அதுவே தோசையின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். இலையில் கல்லாக அமைவது ருபிஸ்கோ என்னும் நொதி. மாவு, ஒளியின் ஆற்றலால் மீண்டும் மீண்டும் உருவாகும் மூலப்பொருள். அம்மூவரின் மாதிரியும் இவ்வளவு எளிய கருத்தின் மீதே நிற்கிறது.

1996இல் பியர்ஸ் செல்லர்ஸ் குழுவினர் இக்கணக்கை உலகத் தட்பவெப்ப மாதிரிக்குள் கொண்டுவந்தனர். பெரியும் அக்குழுவில் இருந்தார். செல்லர்ஸ் பின்னர் விண்வெளி வீரராகி, 2002, 2006, 2010 ஆகிய ஆண்டுகளில் பூமியை மேலிருந்தே கண்டவர்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ருபிஸ்கோவின் உச்சத் திறன் செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறும். 2014இல் அலிஸ்டர் ரோஜர்ஸ் பல மாதிரிகளை ஒப்பிட்டபோது, ஒரே வகைத் தாவரத்திற்கு அவை வெவ்வேறு மதிப்புகளைக் கொடுத்திருந்தது தெரியவந்தது.

அது சிறு பிழையன்று. நிலத் தாவரங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 123 பில்லியன் டன் கார்பனை உள்ளிழுப்பதாக 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதியைத் தாவரங்களும் மண்ணும் மூச்சாக வெளியே விட்டுவிடுகின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து நாம் வெளியிடுவதோ ஏறத்தாழ 10 பில்லியன் டன். அந்தப் பெரிய எண்ணில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே, அப்பிசகு நம் புகை முழுவதையும் விஞ்சிவிடும். காட்டின் திறனை மிகையாக மதிப்பிட்டால், இன்னும் எரிக்கலாம் என்னும் தவறான துணிவும் நமக்கு வந்துவிடும்.

மறுநாள் அம்மாணவியை அழைத்து என் விடையைத் திருத்தினேன். "முழுவதையும் எடுத்துக்கொள்ளா அம்மா. நாம் வெளியிடுவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் நிலம் ஏற்கிறது. நாளையும் அவ்வளவு ஏற்குமா என்பதை இன்னும் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன்.

"அப்படியென்றால் மீதி?" என்றாள்.

அடுத்த பாடத்தை அங்கிருந்துதான் தொடங்கினேன்.