ஆடாத படமும் எங்கள் ஒழுங்கையும்

போன மாதம் லாச்சப்பலில் ஒரு தம்பி தன்னுடைய புதுக் கமராவைக் காட்டினார். மிரர்லெஸ் கமரா ஒன்று, அதன் கீழே மோட்டர் பூட்டிய கிம்பல். கடைக்குள் நடந்து, மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவால் புகுந்து, திரும்பி வந்து படத்தைப் போட்டுக் காட்டினார். தண்ணியில் மிதந்து போனது மாதிரி இருந்தது. "அண்ணை, உங்கட காலத்தில இதெல்லாம் இல்லாமல் எப்பிடிக் கலியாணவீடு எடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"உங்கட காலம்" என்ற சொல் கொஞ்சம் சுட்டது. எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி மண்டைக்குள் நின்றது. நான் றெஸ்ரோறன் சமையலறையில் வேலை செய்கிறவன். ஞாயிறும் திங்களும் எங்கள் கடை பூட்டு. அந்த ஞாயிறுகளில்தான் பத்து வருடத்துக்கு மேல் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று கமரா தூக்கினேன். ஊரில் பல்கலைக்கழகத்தில் படித்த பௌதிகம் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. அந்த அரைகுறைப் பௌதிகத்தையும் சேர்த்து, தம்பிக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

படம் ஆடக்கூடாது என்ற கவலை சினிமா அளவுக்குப் பழையது. ஒரு காலத்தில் அதற்கு ஒரே வழி கமராவை மனிதனிடமிருந்து பிரிப்பது. முக்காலியில் வை, அல்லது தண்டவாளம் போட்டு வண்டியில் தள்ளு. தண்டவாளம் போட நேரமும் வேண்டும், காசும் வேண்டும். அது இரண்டும் இல்லாத கோதார், 1960 இல் வெளிவந்த தன் முதல் நீளப்படத்தை இதே பரிஸ் தெருக்களில் எடுத்தபோது, ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தாரைச் சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார். ஏழைகளின் தண்டவாளம் அது. எங்கள் ஆட்கள் மண்டபத்தில் சாப்பாட்டு ட்ரொலியில் கமராக்காரனை ஏற்றித் தள்ளியதை நான் கண்டிருக்கிறேன். கோதாரின் வாரிசுகள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

கமராவை மனிதனின் உடம்போடு வைத்துக்கொண்டே ஆட்டத்தை நீக்கலாம் என்று செய்து காட்டியவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த கரெற் பிரவுண். 1970களின் நடுப்பகுதியில் அவர் உருவாக்கியதுதான் ஸ்ரெடிகாம். அதைக் காட்டுவதற்கு எடுத்த மாதிரிப் படத்தில், அவருடைய காதலி பிலடெல்பியா அருங்காட்சியகத்தின் படிகளில் ஓடி ஏறுகிறார். அதைப் பார்த்த இயக்குநர் ஜோன் அவில்ட்சன் அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன என்று விசாரித்தார். 1976 இல் 'றொக்கி' படத்தில் சில்வெஸ்ரர் ஸ்ரலோன் அதே படிகளில் ஓடினார். அதே ஆண்டு 'பவுண்ட் ஃபோர் குளோரி' படத்தில் பிரவுண் கிரேனில் இருந்து இறங்கி, வெட்டாமல் கூட்டத்துக்குள் நடந்து போனார். 1978 இல் ஒஸ்கார் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

அந்தக் கருவிக்குள் என்ன இருக்கிறது? மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு தும்புத்தடியை நடுவில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். பிறகு ஒரு சின்னக் கத்தியைத் திருப்பிப் பாருங்கள். கத்தி உடனே திரும்பும், தும்புத்தடி முரண்டு பிடிக்கும். பாரம் நடுவில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, திரும்புவதற்கான எதிர்ப்பு அந்தத் தூரத்தின் வர்க்கத்தால் கூடும். தூரம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஸ்ரெடிகாமில் கமரா தடியின் மேலே, பற்றரியும் மொனிற்றரும் கீழே. பாரமையத்துக்குக் கிட்ட, வழுக்கிச் சுழலும் ஒரு மூட்டில் பிடிக்கிறோம். அதனால் கையின் சின்ன நடுக்கம் கமராவைத் திருப்பாது. காலடியின் தூக்கிப்போடலை, உடம்பில் கட்டிய கவசத்தில் இருந்து நீளும் சுருள்வில் கை விழுங்கிவிடும்.

1980 இல் வெளிவந்த 'த ஷைனிங்' படத்தைக் குப்ரிக் எடுத்தபோது, முச்சக்கர சைக்கிளில் ஹோட்டல் நடைபாதையைச் சுற்றும் சிறுவனின் பின்னால் பிரவுண் போனது எதில் தெரியுமா? ஸ்ரெடிகாம் பூட்டிய சக்கர நாற்காலியில். பரிசில் விட்ட நாற்காலி இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தது. 1983 இல் 'ஸ்ரார் வோர்ஸ்' மூன்றாம் படத்தில் காட்டுக்குள் பறக்கும் வாகனங்கள் வருமே, அதன் பின்னணிக்காக அவர் காட்டுக்குள் மெல்ல நடந்தார். கமரா செக்கனுக்கு ஒரு பிறேமுக்கும் குறைவாகப் பதிந்தது. அதை 24 பிறேமில் ஓடவிட்டபோது நடை பறப்பாகியது.

இதெல்லாம் பெரிய காசுக்காரர் கதை. சாதாரண சனத்தின் கைக்கு வந்தது வேறு வழியால். 1988 இல் பனசோனிக், ஆட்டத்தை உணர்ந்து திருத்தும் வசதியோடு வீட்டுக் கம்கோடர் ஒன்றை விட்டது. 1995 இல் கனன் தன் 75-300 லென்சுக்குள்ளேயே ஒரு கண்ணாடித் தொகுதியை அசைய வைத்தது. கை ஒரு பக்கம் போனால் கண்ணாடி அதைச் சரிக்கட்டும். 2003 இல் மினோல்டா லென்சை விட்டுவிட்டு சென்சரையே அசைத்தது.

பிறகு வந்தது 2008. ஓகஸ்டில் நிக்கோன் டி90, வீடியோ எடுக்கும் முதல் எஸ்எல்ஆர் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் கனன் 5டி மார்க் 2, பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் படத்தின் அளவு சென்சரோடு. பின்னணி பூப்பூவாய்க் கரைந்துபோகும் சினிமாப் படம் கலியாண வீடியோக்காரனுக்கும் எட்டியது. தொடக்கத்தில் அது செக்கனுக்கு 30 பிறேம் மட்டும்தான் எடுத்தது. ஐரோப்பாவில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரைக் கவனிக்காவிட்டால் மண்டபத்து ரியூப்லைற் படத்தில் துடிக்கும். 25 பிறேம் 2010 இல்தான் வந்தது.

நான் 2012 இல் பாவித்த கமரா ஒன்றை வாங்கியபோதுதான் அதன் வில்லங்கம் தெரிந்தது. வீடியோ எடுக்கும்போது எஸ்எல்ஆரின் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், கண் வைக்கும் துவாரம் இருண்டுவிடும். கமராவைக் கை நீட்டிப் பிடித்துப் பின்திரையைப் பார்க்க வேண்டும். நீட்டிய கை நடுங்கும். மிரர்லெஸ் கமராவில் கண்ணாடியே இல்லை. துவாரத்துக்குள் சின்னத் திரை. கண்ணை ஒட்டிப் பிடிக்கலாம். இரண்டு கை, ஒரு புருவம், மூன்று தாங்குதல். பனசோனிக் ஜி1 2008 இல் வந்தது, அதில் வீடியோ இல்லை. அடுத்த ஆண்டு ஜிஎச்1 வீடியோவோடு வந்தது. 2014 இல் ஜிஎச்4 கமராவுக்குள்ளேயே 4கே பதிந்தது.

கண்ணாடி போனதால் இன்னொரு நன்மை. லென்ஸ் பூட்டும் இடத்துக்கும் சென்சருக்கும் உள்ள தூரம் கனன் எஸ்எல்ஆரில் 44 மில்லிமீற்றர். சொனி மிரர்லெஸ்ஸில் 18. இடையில் ஒரு வளையத்தைப் போட்டால் பழைய லென்ஸ்கள் பொருந்தும். ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய ஒரு பழைய 50 மில்லிமீற்றர் லென்சால் எத்தனையோ மணப்பெண்களை எடுத்திருக்கிறேன். 2012 இல் ஒலிம்பஸ் சென்சரை ஐந்து அச்சில் அசைத்தது. 2014 இல் சொனி ஏ7 மார்க் 2 அதைப் பெரிய சென்சரில் செய்தது. 50 என்று கமராவுக்குச் சொல்லிவிட்டால், என் சந்தை லென்சும் ஆடாத லென்ஸ் ஆகிவிடும்.

2013 இல் மோவி என்ற கிம்பல் வந்தது. விலை ஏறக்குறைய 15,000 டொலர். கைரோ சரிவை உணர, மூன்று மோட்டர்கள் எதிர்ப்பக்கம் திருப்பும். சில வருடத்தில் அதே வேலையைச் சில நூறு ஈரோவுக்குச் செய்யும் கிம்பல்கள் வந்தன. நானும் ஒன்று வாங்கி, இரவு வேலை முடிந்து வெறும் றெஸ்ரோறனில் மேசைகளுக்கு நடுவே நடந்து சோதித்தேன். திருப்பம், சரிவு எல்லாம் போய்விட்டது. ஆனால் படம் படகு மாதிரி மேலும் கீழும் போனது. அப்போதுதான் விளங்கியது. கிம்பல் சுழல்வதை மட்டும்தான் நிறுத்தும். காலடியில் உடம்பு எழும்பித் தாழ்வதை அது நிறுத்தாது. ஸ்ரெடிகாமின் சுருள்வில் கை இதில் இல்லை.

பதில் எங்கள் கடையிலேயே இருந்தது. நான் புதுசில் சூப் கோப்பை தூக்கியபோது ஊற்றிக்கொண்டே போவேன். கூட வேலை செய்த மொறொக்கோ அண்ணர் ஒருவர் சொன்னார்: "கோப்பையைப் பார்க்காதே, போற இடத்தைப் பார். முழங்காலை மடி." அதே நடைதான். முழங்கால் மடிய, குதி முதலில் பட, கண் முன்னால். கிம்பலுக்கு வேண்டிய சுருள்வில் நமது கால்தான்.

இனி நான் சொல்ல வந்த இடம்.

அம்மா 2011 இல் ஊரில் காலமானார். என் வழக்கு முடியவில்லை, கையில் பயணப் பத்திரம் இல்லை. ஒரு மாதம் கழித்து டிவிடி வந்தது. ஊரில் வீடியோ எடுக்கும் பொடியன் ஒருவன், பெட்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து நடந்து எடுத்திருந்தான். படம் ஒரே ஆட்டம். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவைக் கடைசியாகப் பார்க்கிற படம், அதையாவது ஒழுங்காக எடுத்திருக்கக் கூடாதா என்று. நான் கமரா பழகியதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

2016 இல், ஆட்டம் நீக்கும் மென்பொருள் ஒன்றில் அந்தப் படத்தைப் போட்டேன். அது ஒவ்வொரு பிறேமிலும் சில புள்ளிகளைப் பிடித்து, படத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தி, வெளியே தெரியும் ஓரங்களை வெட்டிவிடும். இரவு முழுக்க ஓடியது. விடிய எழும்பிப் பார்த்தேன். அம்மாவின் பெட்டி ஆடாமல் மிதந்து போனது. பார்க்க என்னவோ போல இருந்தது. ஏன் என்று பிடிபட நேரம் எடுத்தது.

பழையதைத் திரும்பப் போட்டேன். படலை தாண்டியதும் ஒரு குலுக்கல். அது கழுவாத தண்ணி நிற்கும் பள்ளம். பிறகு மதவடியில் ஒரு எத்து. சின்ன வயதில் சைக்கிளோடு நான் விழுந்த இடம். பிறகு கொஞ்சத் தூரம் ஆட்டம் குறையும், அது மணல். அந்தப் பொடியனின் கால் எங்கள் ஒழுங்கையை அப்படியே எழுதி வைத்திருந்தது. மென்பொருள் ஆட்டத்தை எடுத்தபோது ஒழுங்கையையும் எடுத்துவிட்டது. வெட்டிய ஓரத்தில் படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னம்மாவும் போய்விட்டார். அவர் இப்போது இல்லை. அவர் அழுத முகம் இருப்பது அந்த ஓரத்தில் மட்டும்தான்.

திருத்திய பிரதியை அழித்துவிட்டேன்.

தம்பி, உங்கள் கிம்பல் நல்லது. மணப்பெண் மிதந்து வரட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் செத்தவீடோ, ஊருக்குப் போய்ப் பழைய வீட்டை எடுக்கிற படமோ என்றால், திருத்தமுதல் மூலத்தை வேறாக ஒரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். ஓரத்தில் யார் நிற்கிறார் என்று எடுக்கும்போது எங்களுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடித்துக்கொண்டு எடுத்தோம். ஆடத்தான் செய்தது.