அட்டைச் சுவரின் மூலை

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே சுவரில் விரலால் தட்டினால் காலிப் பெட்டியைத் தட்டினாற்போல டொக் டொக் என்று சத்தம் வரும். "இது என்ன, அட்டைச் சுவரா?" என்று நம்மவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. கேட்பதில் தவறும் இல்லை. அந்தச் சுவர் செங்கல் இல்லை, சிமெண்ட் பூச்சும் இல்லை. இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம் வைத்து அழுத்திய பலகை. மரச் சட்டங்களின் மேல் அதை அறைந்து, மூட்டுகளையும் மூலைகளையும் பூசி மறைத்து, வண்ணம் அடித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'டிரைவால்' என்று பெயர். உலர்ந்த சுவர் என்று சொல்லலாம்.

அந்தப் பெயர் ஏன் வந்தது என்று பார்த்தால் ஒரு தொழிலின் கதையே வெளியே வருகிறது. உலர்ந்த சுவர் என்றால், அதற்கு முன்னால் ஈரமான சுவர் ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் மரச் சட்டங்களுக்குக் குறுக்கே, விரற்கடை இடைவெளி கூட இல்லாமல், மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக ஆணி அடித்து வைப்பார்கள். அதன் மேல் சுண்ணாம்பு, மணல், மாட்டு ரோமம் கலந்த சாந்தை மூன்று தடவை பூசுவார்கள். சாந்து பட்டிகளின் இடுக்கில் நுழைந்து பின்பக்கம் வழிந்து இறுகிக் கொள்ளும். அதுதான் பிடிமானம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரு வீடு முழுதாகக் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். குளிர்காலம் என்றால் உள்ளே அடுப்பு மூட்டிக் காய வைத்ததும் உண்டு.

நம் ஊர்க் கொத்தனார் கரணையும் மணியாசுப் பலகையும் வைத்துக்கொண்டு பூசியதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை புரியும். பரந்த சுவரைப் பூசுவது ஒரு வித்தை என்றால், வெளியே துருத்தி நிற்கும் மூலையைப் பூசுவது அதைவிடப் பெரிய வித்தை. இரண்டு பக்கமும் மட்டம் நிற்க வேண்டும், மேலிருந்து கீழ் வரை தூக்குக்குண்டு நூலுக்கு நேராக விளிம்பு ஓட வேண்டும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த விளிம்பு ஒரு நாற்காலி இடித்தால் பொடிந்து விழும். என் சிறுவயதில் எங்கள் தெருவில் வீடு கட்டியவர்கள், நடையில் வரும் மூலைகளைக் கூராக விடாமல் லேசாக உருட்டிவிடச் சொல்வார்கள். நெல் மூட்டை சுமந்து வருகிறவர் தோள் பட்டாலும் உடையாது என்பதுதான் காரணம்.

அமெரிக்காவிலும் இதே கவலைதான். விக்டோரியா காலத்து வீடுகளில் மூலைகளின் மேல் கடைந்தெடுத்த மரத்தண்டு ஒன்றைப் பொருத்தியிருப்பதை இன்றும் காணலாம். சுமார் நான்கு அடி உயரம் இருக்கும், நுனியில் சிறு குமிழ் இருக்கும். அலங்காரம் போலத் தெரிந்தாலும் அது மூலைக்குக் காவல். பின்னால் அந்த மரத்தண்டின் இடத்தில் பூச்சுக்குள்ளேயே புதைக்கும் இரும்புத் தகட்டு விளிம்பு வந்தது.

பலகையின் கதை 1894இல் தொடங்குகிறது. அகஸ்டின் சாக்கெட் என்பவர் அந்த ஆண்டு ஒரு காப்புரிமை வாங்கினார். காகித அடுக்குகளுக்கு இடையே ஜிப்சம் பூச்சை வைத்துச் செய்த 'சாக்கெட் போர்டு' அது. அதன் மேல் பூசுவதற்காகத்தான் அதைச் செய்தார். மரப்பட்டிகளுக்கு மாற்று, அவ்வளவே. பூச்சு வேலைக்காரரின் பிழைப்பில் கை வைக்கும் எண்ணம் அதில் இல்லை. 1902இல் பல சிறு ஜிப்சம் கம்பெனிகள் சேர்ந்து யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் என்ற பெரிய கம்பெனி ஆயிற்று. 1909இல் அது சாக்கெட்டின் கம்பெனியை வாங்கியது. 1917இல் 'ஷீட்ராக்' என்ற பெயரில் ஒரு பலகையை விற்க ஆரம்பித்தது. இதற்கு மேல்பூச்சே வேண்டாம், அப்படியே சுவர் என்றார்கள்.

ஜனங்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பூச்சுச் சுவர்தான் கௌரவம், பலகைச் சுவர் மலிவுச் சரக்கு என்ற எண்ணம் இருந்தது. பலகைகள் சேரும் மூட்டுகளை ஆரம்பத்தில் மரச் சலாகை வைத்து மறைத்தார்கள். அது கோடு கோடாகத் தெரிந்தது. 1933, 1934இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் பல கட்டடங்களை இந்தப் பலகையால் கட்டிக் காட்டினார்கள். அப்போதும் வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள்.

தயக்கத்தைப் போக்கியது யுத்தம். இரண்டாம் உலகப் போரின்போது ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ராணுவக் குடியிருப்புகளை அவசரமாகக் கட்ட வேண்டியிருந்தது. பலகையை அறைந்தால் வேலை முடிந்தது. யுத்தம் முடிந்து சிப்பாய்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பியபோது, அவர்களுக்கெல்லாம் வீடு தேவைப்பட்டது. 1947இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் லெவிட் குடும்பத்தார் லெவிட்டவுன் என்ற ஊரையே எழுப்பத் தொடங்கினார்கள். கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நிற்பான். இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரே வேலை. வேகம் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு 30 வீடுகளுக்கு மேல் முடித்தார்கள். 1951க்குள் 17,000க்கும் அதிகமான வீடுகள். இந்த வேகத்தில் மூன்று பூச்சு பூசிக் காய வைக்க யாரால் முடியும்? சுவர்கள் எல்லாம் ஜிப்சம் பலகை.

பூச்சு வேலைக்காரர்களின் சங்கம் 1864இல் ஏற்பட்டது, நல்ல பலமுள்ள சங்கம். பல ஆண்டுகள் பழகித்தான் ஒருவர் முழு வேலைக்காரர் ஆக முடியும். அந்தத் தொழில் ஒரு தலைமுறைக்குள் வீடுகளிலிருந்து ஏறக்குறைய வெளியேறியது. அதன் இடத்தில் இரண்டு புது வேலைகள் வந்தன. பலகை அறைபவர் ஒருவர், மூட்டும் மூலையும் பூசி முடிப்பவர் இன்னொருவர். முதலாமவர் தச்சர் சங்கத்தோடு சேர்ந்தார், இரண்டாமவர் பெரும்பாலும் பெயிண்டர் சங்கத்தோடு. கொத்தனார் என்று ஒருவராக இருந்தவர் இப்படிப் பிரிந்துபோனார்.

ஆனால் பழைய வித்தை முழுதும் அழிந்துவிடவில்லை. அது மூலையில் மிச்சம் இருந்தது. இரண்டு பலகைகள் சேரும் புறமூலையில் வெட்டிய ஜிப்சம் வெளியே தெரியும். கை பட்டாலே உதிரும். எனவே அங்கே 'கார்னர் பீட்' என்னும் வளைத்த தகட்டை, பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பை, மேலிருந்து கீழ் வரை ஆணி அடித்துப் பொருத்துவார்கள். தகட்டின் மூக்கு பலகையைவிடக் கொஞ்சம் துருத்தி நிற்கும். அந்த மூக்குக்கும் சுவருக்கும் இடையே உள்ள பள்ளத்தை ஒரு கலவையால் நிரப்ப வேண்டும். அந்தக் கலவைக்குத்தான் 'ஜாயின்ட் காம்பவுண்ட்' என்று பெயர். வேலைக்காரர்கள் சுருக்கமாக 'மட்', அதாவது சேறு, என்பார்கள். நம் பெயிண்டர் பட்டி பார்ப்பது போன்ற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு அங்குலத் தகட்டின் ஒரு முனை மூக்கிலும் மறுமுனை சுவரிலும் பட, ஒரே இழுப்பில் மேலிருந்து கீழே இழுப்பார்கள். காய்ந்ததும் கலவை சுருங்கிப் பள்ளம் விழும். அடுத்த நாள் இன்னும் அகலமான தகட்டால் இரண்டாவது பூச்சு. பிறகு பத்து, பன்னிரண்டு அங்குல அகலத்துக்கு மூன்றாவது. ஓரத்தில் கலவை காகிதத்தைவிட மெல்லியதாகி சுவரோடு கரைந்துவிட வேண்டும். உண்மையில் அந்த மூலை சுவரைவிட மேடாகத்தான் இருக்கும். மேட்டை ஓர் அடி அகலத்துக்குப் பரப்பிவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாலை வெயில் சன்னல் வழியே சுவரை ஒட்டிச் சாய்வாக விழும்போதுதான் வேலைக்காரர் கெட்டிக்காரரா இல்லையா என்பது தெரியும். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

அந்தத் தேய்ப்பில்தான் எமன் இருந்தான். கலவை வெடிக்காமலும் சுருங்காமலும், தகட்டுக்கு வழவழவென்று ஓடி வரவும் கம்பெனிகள் அதில் சிறிதளவு கல்நார் சேர்த்திருந்தன. ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் சொல்வது அதுதான். காய்ந்த பூச்சைத் தேய்க்கும்போது வெள்ளை மாவு போலத் தூசி பறக்கும். உத்தரத்தைத் தேய்ப்பவர் அண்ணாந்து நின்று அதை நேராக மூச்சில் வாங்கினார். பொடியாக வந்த கலவையை வாளியில் கொட்டிக் கலக்கும்போதும், வேலை முடிந்து தரையைப் பெருக்கும்போதும் அதே தூசி. உடுப்பில் ஒட்டி வீட்டுக்கும் போயிற்று. கல்நார் நோய் உடனே காட்டிக்கொள்ளாது. இருபது, முப்பது வருஷம், சில சமயம் அதற்கு மேலும் நுரையீரலில் பதுங்கியிருந்து பிறகு தலை காட்டும்.

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் இர்விங் செலிக்காஃப் என்பவர் கல்நார்த் தொழிலாளர்களை வெகுகாலமாக ஆராய்ந்து வந்தார். 1975இல் அவரும் அவருடைய சகாக்களும், கடையில் யாரும் வாங்கக்கூடிய சுவர்ப் பூச்சுக் கலவைகளில் கல்நார் இருப்பதையும், தேய்க்கும்போது காற்றில் அது எவ்வளவு கலக்கிறது என்பதையும் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். 1977இல் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய கலவைகளில் கல்நார் சேர்ப்பதைத் தடை செய்தது. கணப்பு அடுப்பில் அழகுக்காகத் தூவிய செயற்கைச் சாம்பலிலும் கல்நார் இருந்தது. அதே ஆணையில் அதற்கும் தடை வந்தது. லெவிட்டவுன் கட்ட ஆரம்பித்து அப்போது முப்பது வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனை பேர் எத்தனை மூலைகளைத் தேய்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பிற்பாடு வந்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1980களில் தெற்குக் கலிபோர்னியாவில் வீடு கட்டுவோர் சங்கத்தை ஒதுக்கிவிட்டார்கள். பலகை அறையும் வேலை மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் கைக்குப் போனது, கூலியும் குறைந்துகொண்டே வந்தது. அவர்களில் பலர் எல் மாகே என்ற ஒரே கிராமத்துக்காரர்கள், உறவுக்காரர்கள். 1992 ஜூனில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். பலர் கைதானார்கள். ஐந்து மாதங்களுக்குப் பிறகு, நவம்பரில், தச்சர் சங்கத்தின் மூலம் ஒப்பந்தம் பெற்றார்கள். சங்கம் வைக்கவே முடியாது என்று எல்லாரும் சொன்ன ஆட்கள் இவர்கள். ஒரே ஊர்க்காரர் என்ற உறவுதான் அவர்களுக்குச் சங்கமாக இருந்தது.

இதெல்லாம் யாரோ எவரோ கதை என்று விட்டுவிட முடியாது. ஜிப்சம் இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. சென்னையில் புதிய அடுக்குமாடிகளில் ஃபால்ஸ் சீலிங் இல்லாத கூடம் குறைவு. அலுவலகத் தடுப்புகள் எல்லாம் இந்தப் பலகைதான். உர ஆலைக் கழிவான ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்து வார்த்த பெரிய பலகைகளைக் கொண்டு சென்னை ஐஐடி வளாகத்தில் 2013இல் ஒரு மாதிரிக் குடியிருப்பையே கட்டிக் காட்டினார்கள். எனக்கு இதில் விரோதம் இல்லை. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், நெருப்பை நன்றாகவே தடுக்கும். சுமையும் குறைவு.

நான் சொல்ல வருவது தூசியைப் பற்றி. இன்றைய கலவையில் கல்நார் கிடையாது. ஆனாலும் சுண்ணக்கல் மாவும் அப்பிரகமும் உண்டு, சிலவற்றில் சிலிகாவும் உண்டு. நுண்ணிய தூசி எதுவானாலும் நுரையீரலுக்கு ஆகாது. உங்கள் வீட்டில் பட்டி பார்த்துத் தேய்க்கும் பையன் முகத்தில் வெறும் துண்டைக் கட்டியிருந்தால் அது பெரிய தூசியைத்தான் தடுக்கும். என்95 முகக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்த இடத்தில் ஈரப் பஞ்சால் தேய்க்கச் சொல்லுங்கள். அங்கே தூசியை உறிஞ்சும் கருவியோடு தேய்க்கிறார்கள், பெரிய ஒப்பந்தக்காரரானால் இங்கும் கேட்கலாம்.

அமெரிக்காவில் உங்கள் பிள்ளைகள் 1980க்கு முன் கட்டிய வீட்டை வாங்கியிருந்தால், இன்னொரு வார்த்தை. பழைய சுவரைத் தாங்களே உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். சும்மா இருக்கும் கல்நார் பெரும்பாலும் கெடுதல் செய்யாது, கிளறினால்தான் ஆபத்து. முதலில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பட்டும். அதையும் தெரிந்தவரைக் கொண்டு எடுப்பது நல்லது. செலவு அதிகம் ஆகாது. அந்தச் சுவரை முதலில் தேய்த்தவருக்கு இதைச் சொல்ல அன்று ஆள் இல்லை.