வரிக்கணக்கும் உரிமைக்கணக்கும்

திருவண்ணாமலைக் கடைவீதிகளுக்குப் பௌர்ணமி கிரிவலமும் கார்த்திகைத் தீபமும் பெருவணிக நாள்கள். அந்நாள்களில் சிறு கடைகளில் மனைவியும் மக்களும் துணைநிற்பது எச்சமயத்தார்க்கும் இயல்பு. நம்மவர் கடைகளும் விலக்கல்ல. அவ்வாறு உழைக்கும் மனைவிக்கு ஊதியம் தந்தால், அது யாருடைய வருமானம்? இவ்வினாவின் வேர் 1937ஆம் ஆண்டில் உள்ளது.

அவ்வாண்டு மத்தியச் சட்டமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று, வருமானவரித் திருத்தச் சட்டம். கணவன் பங்காளியாக உள்ள கூட்டு வணிகத்தில் மனைவியும் பங்காளியானால், அவளது இலாபப் பங்கைக் கணவனின் வருமானத்தோடு அது சேர்த்தது. மற்றொன்று, ஷரீஅத் சட்டம். ஊர் வழக்காறுகளை ஒதுக்கி, முஸ்லிம் பெண்ணின் சொத்துரிமையை மார்க்க நெறிப்படி அது உறுதிசெய்தது. அதில் விடுபட்ட விவசாய நிலத்தைச் சென்னை மாகாணம் 1949இல் சேர்த்துக்கொண்டது.

இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினும், உண்மையில் முரண் இல்லை. வருமானத்தைக் குடும்பத்தாரிடையே பிரித்துக் காட்டி வரியைக் குறைப்பதைத் தடுப்பதே முதற்சட்டத்தின் நோக்கம். அது வரியைக் கணக்கிடுகிறது, உடைமையை மாற்றுவதில்லை. 1961இல் உச்ச நீதிமன்றம் பாலாஜி வழக்கில் அவ்விதி செல்லுமெனத் தீர்ப்பளித்தது.

1975ஆம் ஆண்டுத் திருத்தம் ஊதியத்தையும் இவ்வரம்புக்குள் கொணர்ந்தது. கணவனுக்குக் கணிசமான பங்குள்ள தொழிலில் மனைவி பெறும் ஊதியம் அவன் வருமானத்தோடு சேரும். மருந்துக்கடையில் பணிபுரியும் மருந்தாளுநர் போன்று, தொழிற்கல்வித் தகுதியால் மட்டுமே ஈட்டினால் சேராது. வளர்ந்த மகனின் ஊதியம் அவன் வருமானமே; சந்தை அளவை மிஞ்சிய பகுதியைச் செலவாக ஏற்க மறுக்க 1968இலேயே வழிசெய்யப்பட்டது. கூட்டு வணிக விதியை 1992ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கியது. ஊதிய விதியோ, 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமானவரிச் சட்டத்திலும் தொடர்கிறது.

வரியில் பயனில்லை என்பதால் மனைவியின் ஊதியத்தை எழுதாமல் விடுவோர் உளர். இங்கேதான் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஆண்கள் ஈட்டியதில் அவர்களுக்கும், பெண்கள் ஈட்டியதில் அவர்களுக்கும் பங்குண்டு என்பது அன்னிஸா அத்தியாயத்தின் போதனை. ஊதியம் பேசி, அது எழுதப்படாமலும் கொடுபடாமலும் கடைமுதலில் கலந்துவிட்டால், கணவன் மறைந்தபின் அதுவும் அவனது சொத்தாகவே எண்ணப்படும். பிள்ளைகள் இருப்பின் மனைவிக்குரிய பங்கு எட்டில் ஒன்று. தன் உழைப்பின் ஊதியத்திலேயே எட்டில் ஏழு பங்கை அவள் இழக்க நேரும்.

கடனை எழுதிவைக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. ஊதியமும் கொடுக்கப்படும்வரை கடனே. வரி அலுவலருக்காக மட்டுமன்றி, வாரிசுரிமைக்காகவும் கடைக்கணக்கில் அவள் பெயர் இடம்பெறட்டும்.