இடம் மாறிய ஒரு பிழை: மங்களூர், கோழிக்கோடு விபத்து அறிக்கைகளின் பாடவேறுபாடு

மங்களூர் விமான விபத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2010ஆம் ஆண்டு விசாரணை மன்ற அறிக்கையின் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஏர் மார்ஷல் பூஷண் கோகலே தலைமையிலான அந்த மன்றம், நிலைபெறாத இறங்குமுகத்தைக் கேப்டன் கைவிடாமல் தரையிறங்குவதிலேயே உறுதியாக இருந்ததை நேரடிக் காரணம் என்றது. மேலெழுந்து சுற்றி வருவதற்கான ‘கோ அரவுண்ட்’ அழைப்பைத் துணை விமானி மூன்று முறை விடுத்தார். எச்சரிக்கைக் கருவியும் பலமுறை ஒலித்தது. கேப்டன் கேட்கவில்லை, 158 பேர் மாண்டார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

இந்த வாசிப்பை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அறிக்கையே தரும் வேறொரு கணக்கோடு அது பொருந்திவரவில்லை.

ஓடுபாதையின் நீளம் 8,033 அடி. விமானம் தரைதொட்டது தொடக்க முனையிலிருந்து ஏறத்தாழ 5,200 அடி தள்ளி. எஞ்சியது சுமார் 2,800 அடி. இதுவரை மன்றத்தின் வாதம் உறுதியாகவே நிற்கிறது. ஆனால், தொட்டவுடன் வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் த்ரஸ்டையும் முழு பிரேக்கையும் பயன்படுத்தியிருந்தால் 7,600 அடியில், அதாவது ஓடுபாதைக்குள்ளேயே, விமானம் நின்றிருக்கும் என்றும் அதே மன்றம் சொல்கிறது. அப்படியானால் தாமதமாகத் தரைதொட்டது மட்டும் அதை ஓடுபாதைக்கு அப்பாலிருந்த பள்ளத்தில் தள்ளிவிடவில்லை. பிரேக் அழுத்திய ஆறு நொடிக்குள் கேப்டன் மீண்டும் மேலெழ முயன்றார். ரிவர்ஸ் த்ரஸ்டை இயக்கிய பின் மேலெழக் கூடாது என்பது போயிங் விதிமுறை. விமானம் ஓடுபாதையையும் அதற்கு அப்பாலிருந்த 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதியையும் தாண்டியது. முனையிலிருந்து 540 அடியில் இருந்த, தரையிறங்க வழிகாட்டும் லோக்கலைசர் ஆன்டெனாவின் கான்கிரீட் மேடையில் வலச் சிறகு மோதியது. அதன் பிறகே பள்ளம். நேரடிக் காரணம் என ஒன்றைச் சுட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஆறு நொடிகளை விட்டுவிட்டுச் சுட்ட முடியாது. மன்றம் அவற்றைக் கண்டறிந்தது. காரண வாக்கியத்தில் மட்டும் சேர்க்கவில்லை.

நேரடிக் காரணத்துக்குக் கீழே மூன்று துணைக் காரணங்கள் வருகின்றன. பயணத்தின்போது கேப்டன் நெடுநேரம் உறங்கியது முதலாவது. ஒலிப்பதிவில் ஒரு மணி நாற்பது நிமிடங்களுக்கு இரு விமானிகளிடையே பேச்சே இல்லை. ரேடார் பழுதால் இறக்கம் தாமதமாகத் தொடங்கியதும், அதற்கேற்ப விமானிகள் திட்டமிடாததும் இரண்டாவது. என் கவனம் மூன்றாவதில்தான். துணை விமானி திரும்பத் திரும்பச் சொன்னார், ஆனால் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை. அதற்கு அவருக்கு அதிகாரம் தரும் விதிகள் தெளிவற்றிருந்தது ‘அநேகமாக’ காரணமாக இருக்கலாம் என்கிறது அறிக்கை. அந்த ‘அநேகமாக’ என்ற சொல்லைப் பலரும் படித்துக் கடந்துவிடுகிறார்கள். ஒரு மனிதரின் தயக்கத்தை விதிகளின் குழப்பத்தோடு இணைத்துப் பேசும் சொல் அது.

இனி 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை இரவு. முதல் முயற்சியில் மேலெழுந்து திரும்பிய விமானம், அடுத்த முறை 10ஆம் எண் ஓடுபாதையில் பின்காற்றோடு இறங்கியது. 8,858 அடி நீள ஓடுபாதையில் 4,438 அடி கடந்த பிறகுதான் சக்கரம் தரைதொட்டது. விமானம் ஓடுபாதையைத் தாண்டியதில் இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விமான விபத்து விசாரணைப் பணியகம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, விமானத்தைச் செலுத்தியவர் விதிமுறையை மீறியதைச் சாத்தியமான காரணமாக வைக்கிறது. அதே வாக்கியத்தில், மற்ற விமானி கட்டுப்பாட்டை எடுத்து மேலெழத் தவறியதையும் வைக்கிறது.

இந்தப் பாடவேறுபாட்டை எவரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். துணை விமானி கட்டுப்பாட்டை எடுக்காதது 2010இல் மூன்றாம் துணைக் காரணம், ‘அநேகமாக’ என்ற பாதுகாப்போடு. 2021இல் அது முதன்மை வாக்கியத்துக்கு ஏறிவிட்டது, அந்தப் பாதுகாப்பு இல்லாமல். அமைப்பு சார்ந்த குறைகளையும் புறக்கணிக்க முடியாது என்று கோழிக்கோடு அறிக்கை சொல்வது உண்மைதான். ஆனால் அவை துணைக் காரணமாகக் கீழே தங்கிவிட்டன. அமைப்பு கீழேயே நிற்க, மனிதர் மேலே ஏறியிருக்கிறார்.

இம்மாற்றம் எந்த ஆண்டில் நேர்ந்தது என்று துல்லியமாகச் சொல்ல இவ்விரு அறிக்கைகள் போதா. மேல் எல்லை 2010, கீழ் எல்லை 2021. இடையில் 2012இல் பணியகம் உருவானது. புதிய பணியகத்தின் எழுத்துமுறை இதற்கு வழிவகுத்திருக்கலாம் என்பது என் ஊகம். அதை நிறுவ இன்னும் பல அறிக்கைகளை ஒப்பிட வேண்டும். ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்வேன். பேசியும் கேட்கப்படாத ஒருவர் கையை நீட்டி விமானத்தைப் பறித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் அறிக்கை, அவர் ஏன் நீட்டவில்லை என்ற கேள்வியையும் அதே வாக்கியத்தில் எழுப்பியாக வேண்டும். மங்களூர் அறிக்கை அதைச் செய்ய முனைந்தது, துணைக் காரண அளவிலேனும்.

வேறு விதமாகவும் எழுதலாம் என்பதற்கு ஒரு சான்று: 2005இல் டொராண்டோவில் ஏர் பிரான்ஸ் விமானம் 9,000 அடி ஓடுபாதையில் ஏறத்தாழ 3,800 அடி கடந்து தரைதொட்டு, முனையைத் தாண்டி ஓடைப் பள்ளத்தில் எரிந்தது. 309 பேரும் உயிர் தப்பினார்கள். கனடாவின் விசாரணை வாரியம் காரணங்களையும் துணைக் காரணிகளையும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்குகிறது. மேல், கீழ் என்ற பாகுபாடு அங்கே இல்லை. நீண்ட ஓடுபாதைகளின் முனையில் 300 மீட்டர் பாதுகாப்புப் பகுதி, இல்லையேல் அதற்கு ஈடான தடுப்பு வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

மங்களூர் அறிக்கையை மேற்கோள் காட்டும் ஆய்வாளர்கள் இனியாவது நேரடிக் காரணத்தோடு மூன்றாம் துணைக் காரணத்தையும், 7,600 அடிக் கணக்கையும் சேர்த்தே காட்ட வேண்டுகிறேன்.