சூரியனின் அடுக்குகளும் கிரகண ஆய்வும்

சூரியன், 13.9 இலட்சம் கிலோமீட்டர் விட்டமும் புவியைப்போல் ஏறத்தாழ 3,30,000 மடங்கு நிறையும் உடைய, பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும் கொண்ட வாயுக் கோளம். 1.5 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அதன் உள்ளகத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போது நொடிக்குச் சுமார் 40 இலட்சம் டன் நிறை ஆற்றலாக மாறுகிறது. அவ்வாற்றல் முதலில் கதிர்வீச்சாகவும், ஆரத்தில் பத்தில் ஏழு பங்கைக் கடந்தபின் உலைநீர்போல் மேலெழுந்து கீழிறங்கும் வெப்பச்சலனத்தாலும் வெளிவந்து, சுமார் 5,500 டிகிரி வெப்பமுள்ள ஒளிக்கோளத்தை அடைகிறது. கண்ணுக்குச் சூரியனாகத் தெரிவது சில நூறு கிலோமீட்டர் தடிப்பே உள்ள இப்படலம்தான். அதற்கு மேலுள்ள நிறக்கோளமும் ஒளிமகுடமும் இதன் கூசும் ஒளியில் மறைந்துவிடுவதால், அவற்றைக் காண நெடுங்காலம் முழுக் கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுக் கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானியைக் கொண்டு பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் சூரியப் பிழம்புகளை ஆராய்ந்து, அவை வாயுவால் ஆனவை என்று கண்டார். அவ்வாண்டில் பதிவான, அறிந்த எத்தனிமத்துக்கும் பொருந்தாத மஞ்சள் கோட்டைப் பின்னர் ஆங்கில வானியலாளர் லாக்யர் புதிய தனிமத்துக்கு உரியதெனக் கருதினார். ஹீலியம் எனப்பட்ட அத்தனிமம் புவியில் 1895இல்தான் வேதியியலாளர் ராம்சேயால் பிரித்தறியப்பட்டது. 1868 கிரகணத்தின் நிழல் சயாமையும் கடந்தது. கிரகணத்தைத் தாமே கணித்திருந்த மன்னர் மோங்குட் அதைக் காண அழைத்த விருந்தினருள் சிங்கப்பூரிலிருந்து ஆண்ட நீரிணைக் குடியேற்ற ஆளுநர் சர் ஹாரி ஆர்டும் ஒருவர். அப்பயணத்தில் காய்ச்சல் கண்ட மன்னர் அக்டோபர் 1 அன்று காலமானார்.

கிரகணமில்லா நாள்களில் ஒளிக்கோளத்தையே தொடர்ந்து நோக்கும் பணியைக் கொடைக்கானல் ஆய்வகம் ஏற்றது; 1909இல் ஆங்கில வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்குதான் கண்டறிந்தார்.

தமிழ்நாட்டின் சில மாவட்டங்களையும் இலங்கையின் வடபகுதியையும் கடந்து 2019 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூருக்கு வந்தது வளையக் கிரகணம். 1982 முதல் சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், பிற்பகல் 1.20ஐ ஒட்டி வளையம் முழுமையடைந்தபோது கதிரவன் உச்சி சாய்ந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. ஒளிவட்டப் பரப்பில் ஏறத்தாழ 94 விழுக்காட்டை நிலவு மறைத்தும் தேக்காவிலோ சிராங்கூன் சாலையிலோ இரவு கவியவில்லை, மகுடமும் தெரியவில்லை. மகுடத்தின் ஒளி ஒளிக்கோளத்தின் ஒளியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்களவே என்பதால், எஞ்சிய மெல்லிய வளையமே அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசித்தது. ஆயினும் இலையிடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையாகிச் சூரியப் பிம்பத்தைத் தரையில் வீழ்த்தும் என்பதால், இத்தகைய நேரத்தில் மரநிழல் பார்க்கத் தக்கது: வழக்கமான வட்டப் பொட்டுகளுக்குப் பதில் வளையங்கள் விழும்.

2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட, சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா-எல்1இன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. கிரகணத்துக்குக் காத்திராமல் மகுடத்தைக் காண, அதன் மகுடநோக்கி ஒளிக்கோளத்தைத் தானே மறைத்துக்கொள்கிறது. ஒளிக்கோளத்துக்கு வெளியே உள்ள மகுடம் பத்து இலட்சம் டிகிரியைத் தாண்டிக் கொதிப்பது எப்படி என்பதே அது ஆராயும் முதன்மைக் கேள்விகளுள் ஒன்று.