எம்மா (நாவல்)

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டென் (1775–1817) எழுதிய காதல் நகைச்சுவை நாவல். அவர் வாழ்நாளில் வெளியான நான்கு நாவல்களில் கடைசியானது. 1815 டிசம்பரில் லண்டனில் மூன்று தொகுதிகளாக வந்தது. தலைப்புப் பக்கம் 1816 என்று சொல்லும். ஆசிரியர் பெயர் இல்லை. ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ எழுதியவர் என்ற குறிப்பு மட்டுமே.

கதை சர்ரே மாவட்டத்தில் ஹைபரி என்னும் கற்பனை ஊரில் நடக்கிறது. எம்மா உட்ஹவுஸுக்கு இருபத்தோரு வயது நெருங்குகிறது. தாயில்லாத செல்லப்பெண்; 30,000 பவுன் சொத்து உண்டு. ஆஸ்டெனின் மற்ற நாயகியருக்குத் திருமணம்தான் பிழைப்பு. எம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லாததால், ஊராருக்கு வரன் முடித்துவைக்கக் கிளம்புகிறாள். பெற்றோர் யாரென்று தெரியாத பதினேழு வயது ஹாரியட்டை, அவளை விரும்பிக் கேட்ட நல்ல விவசாயி ஒருவனை மறுக்கவைத்து, ஊர்ப் பாதிரியாருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறாள். அவரோ கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் இரவு, வண்டிக்குள் தனியாக இருக்கும்போது எம்மாவிடமே காதலைச் சொல்லிவிடுகிறார். இப்படிக் கணக்குக்கு மேல் கணக்கு தப்புகிறது. கடைசியில் ஹாரியட் தன் மனதில் இருப்பவர் நைட்லி என்று சொல்லும் நொடியில்தான், அவரை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தன்னால் முடியாது என்பது எம்மாவுக்கு உறைக்கிறது. எம்மாவின் அக்காள் கணவருக்கு அண்ணன் நைட்லி. சிறுவயது முதல் அவளைக் கண்டித்துவருபவர் அவர் ஒருவரே.

நாவலின் நெஞ்சு பாக்ஸ் ஹில் குன்றில் இருக்கிறது. உல்லாசப் பயணம் வந்த இடத்தில் ஒரு விளையாட்டு: ஆளுக்கு ஒரு சாமர்த்தியமான பேச்சு, இல்லையேல் மூன்று அசட்டுப் பேச்சு பேச வேண்டும். ஓயாமல் பேசும் ஏழை முதிர்கன்னி மிஸ் பேட்ஸ், மூன்று அசடு தனக்குச் சுலபம் என்று சிரிக்கிறாள். மூன்றோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று எம்மா கேட்டுவிடுகிறாள். அந்தக் குத்தல் மிஸ் பேட்ஸுக்கு உடனே புரிவதில்லை. புரிந்ததும் முகம் லேசாகச் சிவக்கிறது, அவ்வளவுதான். வாழ்ந்து கெட்ட குடும்பத்துப் பெண்ணை, உன்னைக் குழந்தையாகப் பார்த்தவளை, நாலு பேர் முன்னால் இப்படிச் சொல்லலாமா என்று நைட்லி கடிந்துகொள்கிறார். எம்மா வீடு திரும்பும் வழியெல்லாம் அழுகிறாள். காதல் கதை ஒன்றின் திருப்புமுனையை, காதலோடு சம்பந்தமே இல்லாத ஒரு முதிர்கன்னியின் அவமானத்தில் வைத்தது ஆஸ்டெனின் பெருந்துணிச்சல்.

உத்தியில் நாவல் இன்னும் துணிந்தது. எம்மா நினைப்பதையே கதைசொல்லியின் வாக்கியமாக எழுதிச் செல்வதால், அவள் ஏமாறும் இடத்தில் வாசகரும் ஏமாறுகிறார். பேட்ஸ் வீட்டுக் காட்சி ஒன்று போதும். எம்மா உள்ளே வருகிறாள். மிஸ் பேட்ஸின் தாயான கிழவி தூங்குகிறாள். ஃபிராங்க் சர்ச்சில் என்னும் இளைஞன் அவளுடைய மூக்குக்கண்ணாடியின் கழன்ற ஆணியைச் சரிசெய்துகொண்டிருக்கிறான். கிழவியின் பேத்தி ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் முதுகைக் காட்டியபடி பியானோவில் மூழ்கியிருக்கிறாள். முதல் வாசிப்பில் சாதாரண வீட்டுக் காட்சி. இருவரும் ரகசியமாக நிச்சயம் செய்துகொண்டவர்கள், பியானோ அவன் அனுப்பியது என்று தெரிந்து மறுபடி படித்தால், எம்மா வந்து கலைத்தது எதை என்பது தெரியும். இந்நாவலை இரண்டு முறையாவது படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஹாம்ப்ஷயரில் சாட்டன் ஊர் வீட்டில் 1814 ஜனவரி 21 அன்று தொடங்கி, 1815 மார்ச் 29 அன்று ஆஸ்டென் இதை முடித்தார். தன்னைத் தவிர வேறு யாருக்கும் அதிகம் பிடிக்காத நாயகியைப் படைக்கப்போவதாக அவர் சொன்னதை, பிற்காலத்தில் அவர் அண்ணன் மகன் பதிவுசெய்தார். இதையும் முந்தைய இரு நாவல்களையும் சேர்த்துப் பதிப்பாளர் ஜான் மர்ரி 450 பவுனுக்கு உரிமை கேட்டார். ஆஸ்டென் மறுத்து, லாபநட்டம் தன்னுடையது என்ற ஏற்பாட்டில் 2,000 படிகள் அச்சிடவைத்தார். விலை 21 ஷில்லிங். லாபம் வந்தது; ஆனால் முந்தைய நாவலான ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ இரண்டாம் பதிப்பின் நட்டம் அதில் பெரும்பகுதியை விழுங்க, அவர் கைக்கு வந்தது 39 பவுனுக்கும் குறைவு.

நூல் அன்று அரசருக்குப் பதிலாக ஆண்ட இளவரசர் ரீஜெண்டுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஆஸ்டெனுக்கு அவரைக் கண்டாலே பிடிக்காது. ஆனால் காணிக்கையாக்கலாம் என்று அரண்மனை நூலகர் தெரிவித்தபோது, ‘லாம்’ என்பதற்கு ‘வேண்டும்’ என்றே பொருள்.

நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ‘குவார்ட்டர்லி ரிவியூ’ இதழில் பெயர் குறிப்பிடாமல் நீண்ட மதிப்புரை எழுதி, அன்றாட வாழ்வை அப்படியே காட்டும் புதுவகை நாவல் பிறந்திருப்பதை அடையாளம் கண்டார். 1816லேயே பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் பிலடெல்பியா பதிப்பும் வந்தன. 1850இல் இதைப் படித்த நாவலாசிரியர் சார்லட் பிராண்ட்டே, உணர்ச்சிக் கொந்தளிப்பு இல்லை என்று குறைப்பட்டார். பாக்ஸ் ஹில்லில் நடப்பதை அவர் எப்படிக் கடந்தார் என்பது வியப்புதான். 1961இல் விமர்சகர் வேய்ன் பூத், தவறுசெய்யும் நாயகியை வாசகர் வெறுக்காதபடி கதைசொல்லல் எப்படிக் காக்கிறது என்பதை ஆராய்ந்தார்.

திரையில் கிவினெத் பால்ட்ரோ (1996), அன்யா டெய்லர்-ஜாய் (2020) ஆகியோர் எம்மாவாக நடித்தனர். 2010இல் வந்த இந்திப் படமான ‘ஆயிஷா’ கதையை டெல்லிக்குக் கொண்டுவந்தது. தமிழில் ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) ஆஸ்டெனின் வேறொரு நாவலைத் தழுவியது. எம்மாவை நன்றாகப் புரிந்துகொண்ட படம் ஏமி ஹெக்கர்லிங்கின் ‘க்ளூலெஸ்’ (1995). அதன் பாக்ஸ் ஹில் இதுதான்: எம்மாவின் இடத்தில் இருக்கும் பெவர்லி ஹில்ஸ் பள்ளி மாணவி ஷேர், வீட்டுப் பணிப்பெண் எல் சால்வடார்க்காரி என்பது கூடத் தெரியாமல், மெக்சிகோ பாஷை தனக்கு வராது என்று வாய்தவறுகிறாள். பணிப்பெண் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறாள்.